இந்த அறையை விட்டுப் போக வேண்டியவர்கள்

கண்ணை மூடும் திரை வழியாகக் கணினி காட்டும் உலகத்துக்குள் நுழையும் நுட்பமான விர்ச்சுவல் ரியாலிட்டி (விஆர்), 1995ஆம் ஆண்டில் இரண்டு இடங்களில் சோதனைக்கு வந்தது. ஒன்றை உலகம் அறியும். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் அந்த ஜூலையில் ‘விர்ச்சுவல் பாய்’ என்ற விளையாட்டுக் கருவியைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. கேம் பாயை உருவாக்கிப் புகழ்பெற்ற குன்பெய் யோகோய்தான் இதையும் உருவாக்கினார். மேசைமேல் இரண்டு கால்களில் நிற்கும் ஒரு பெட்டி. குனிந்து அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். உள்ளே கருப்புப் பின்னணியில் சிவப்பு உருவங்கள், வேறு நிறமே கிடையாது. கழுத்து வலித்தது, கண் எரிந்தது, இடையிடையே ஓய்வெடுக்கச் சொல்லிக் கருவியே நினைவூட்ட வேண்டியிருந்தது. ஏறத்தாழ 7.7 லட்சம் கருவிகள் விற்றதோடு, அடுத்த ஆண்டே நின்டெண்டோ அதைக் கைவிட்டது.

மற்றொரு சோதனை அமெரிக்காவின் அட்லான்டா நகரில் நடந்தது. எமரி பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் பார்பரா ராத்பாமும் ஜார்ஜியா டெக்கின் கணினி அறிஞர் லாரி ஹாட்ஜஸும், உயரத்தைக் கண்டால் நடுங்கும் கல்லூரி மாணவர்களுக்கு, தலையில் மாட்டும் திரையான ஹெட்செட்டை மாட்டிவிட்டார்கள். உள்ளே நடைபாலங்கள், மாடி முகப்புகள், மேலே மேலே போகும் ஒரு கண்ணாடி லிஃப்ட். படம் என்று சொன்னால் வெறும் கட்டங்களும் பட்டைகளும்தான். இன்றைய மலிவுக் கைபேசியில்கூட அதைவிட நன்றாக வரும். ஆனாலும் பயம் வந்தது. மெல்ல மெல்ல உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது அந்தப் பயம் தணியவும் செய்தது. சிகிச்சை முடிந்த பிறகு அவர்களில் சிலர், யாரும் சொல்லாமலே, நிஜமான உயரங்களில் ஏறிப் பார்த்தார்கள். ஆய்வு அதே ஆண்டு மனநல மருத்துவ இதழில் வெளிவந்தது.

ஒரே ஆண்டு, ஒரே நுட்பம், இரண்டிலும் படம் மோசம். ‘விஆர் ஹெட்செட் இந்த முறையாவது வெல்லுமா’ என்ற கேள்வி எழும்போதெல்லாம் முதல் கதையைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்விக்கான பதில் இரண்டாவது கதையில் இருப்பதாகப் படுகிறது.

கேள்வி பழையது. 1968இல் ஹார்வர்டில் ஐவன் சதர்லண்ட் தலையில் மாட்டும் முதல் கணினித் திரையைச் செய்துகாட்டினார். கண்களுக்கு அருகில் இரண்டு சின்னஞ்சிறு பிம்பக் குழாய்கள். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளப்பதற்காகக் கூரையிலிருந்து இறங்கி வரும் ஓர் இயந்திரக் கை. பார்ப்பவருக்கு அந்தரத்தில் கம்பிக்கோடுகளால் ஆன ஒரு கனசதுரம் தெரியும்; சுற்றி வந்து பார்த்தால் அதன் மறுபக்கம் தெரியும். இன்று விற்கும் ஒவ்வொரு ஹெட்செட்டும் அடிப்படையில் அந்தக் கருவியின் வாரிசுதான். 1980களில் ஜாரன் லானியரின் விபிஎல் நிறுவனம் கண்ணுக்கு ஒரு திரையும் கைக்கு ஓர் உறையும் விற்றது. சில ஆண்டுகளில் திவாலானது. 1991இல் பிரிட்டனின் வர்ச்சுவாலிட்டி நிறுவனம் விளையாட்டுக்கூடங்களில் பெரிய பெரிய எந்திரங்களை நிறுத்தியது. அதுவும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மூழ்கியது. சேகா நிறுவனம் 1993இல் ஒரு கண்காட்சியில் தன் ஹெட்செட்டைக் காட்டியது, கடைசிவரை விற்கவில்லை. அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் ஏறத்தாழ அமைதி. ஆய்வுக்கூடங்களுக்கும் ராணுவத்துக்கும் வெளியே விஆர் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

2012இல் பால்மர் லக்கி என்ற இளைஞர் தன் ஓக்குலஸ் நிறுவனத்தின் ஹெட்செட்டுக்காக இணையத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டியபோதுதான் இப்போதைய அலை தொடங்கியது. கேட்டது 2.5 லட்சம் டாலர், வந்தது சுமார் 24 லட்சம் டாலர். அவருக்குக் கைகொடுத்தது கைபேசித் தொழில். ஸ்மார்ட்போனுக்காகக் கோடிக்கணக்கில் தயாரித்ததால் நல்ல சிறு திரைகளும், அசைவை உணரும் நுண்கருவிகளும் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. அவற்றை இரண்டு லென்ஸ்களோடு ஒரு பெட்டிக்குள் பொருத்தினால், முன்பு ஆய்வுக்கூடங்கள் பெருந்தொகை கொடுத்து வாங்கியதைவிட நல்ல ஹெட்செட் கிடைத்தது. 2014 மார்ச்சில் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தை 200 கோடி டாலருக்கு வாங்கியது.

இங்கே ஒன்றைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். பழைய ஹெட்செட்டுகள் ஏன் குமட்டின என்பது பொறியாளர்களுக்கு நன்றாகவே தெரியும். நாம் தலையைத் திருப்பும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உடனே மூளைக்குச் செய்தி அனுப்பிவிடுகிறது. கண் அனுப்பும் செய்தியும் அதே நேரத்தில் வந்தாக வேண்டும். தலை திரும்பியதற்கும் திரையில் படம் மாறியதற்கும் இடையே 20 மில்லிவிநாடிக்கு மேல் போனால், கண் ஒன்று சொல்கிறது, காது வேறொன்று சொல்கிறது. வயிறு புரளத் தொடங்குகிறது. வர்ச்சுவாலிட்டியின் எந்திரங்களால் அந்த வேகத்தை நெருங்கவே முடியவில்லை. இன்றைய கருவிகள் நெருங்கிவிட்டன. படத்தை விநாடிக்கு 90 முறை புதுப்பிக்கின்றன. ஒவ்வொரு படமும் ஒரு நொடிப்பொழுது மின்னி அணைந்துவிடுவதால் தலையைத் திருப்பும்போது உருவம் இழுபடுவதில்லை. படம் வரைந்து முடித்த பிறகும் கடைசிக் கணத்தில் தலை எங்கே இருக்கிறது என்று பார்த்து அதைச் சற்றே நகர்த்திக்கொள்கின்றன. ஓக்குலஸின் முதல் சோதனைக் கருவியில் ஒரு கண்ணுக்கு 640க்கு 800 புள்ளிகள். அதன் வழிவந்து 2023இல் வெளியான குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064க்கு 2208. முன்பு கணினியோடு கட்டிவைத்திருந்த கம்பியும் போய்விட்டது.

தீராத பிரச்சினைகளும் உண்டு. கையை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு பொருளைக் காட்டும்போது இரு கண்களும் அதை நோக்கி உள்பக்கமாகத் திரும்புகின்றன. ஆனால் கண்ணின் லென்ஸ் சுமார் இரண்டு மீட்டரில் நிலையாக நிற்கும் ஒளியில்தான் குவிந்தாக வேண்டும். பிறந்தது முதல் இணைந்தே இயங்கிய இரண்டு வேலைகள் இப்படிப் பிரிந்துபோவதால்தான் நெடுநேரம் பார்த்தபின் நெற்றிக்குள் ஒரு வலி வருகிறது. கூர்மையிலும் இன்னும் இடைவெளி இருக்கிறது. நல்ல பார்வை உள்ள கண் ஒரு பாகைக்கு 60 புள்ளிகளைப் பிரித்தறியும். குவெஸ்ட் 3 தருவது சுமார் 25. எடை அரைக் கிலோ. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவை எதுவும் 1995இல் விர்ச்சுவல் பாயைக் கொன்ற அளவுக்குப் பெரிய குறைகள் கிடையாது. விலையும் இறங்கிவிட்டது. 2020இல் குவெஸ்ட் 2 வெளிவந்தபோது 299 டாலர்; ஒரு சுமாரான கைபேசியின் விலை. அதோடு நல்ல விளையாட்டுகளும் வந்துவிட்டன. 2018இல் வந்த பீட் சேபரை ஒருமுறை ஆடிய குழந்தையிடமிருந்து ஹெட்செட்டைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

ஆக, படம் சரியில்லை, வேகம் போதவில்லை, கம்பி இடறுகிறது, விலை எட்டவில்லை, விளையாட ஒன்றுமில்லை என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. அப்படியானால் மக்கள் வந்திருக்க வேண்டுமே.

வந்தார்கள், தங்கவில்லை. 2020 தொடக்கத்தில் சோனி தன் பிளேஸ்டேஷன் ஹெட்செட் 50 லட்சம் விற்றதாக அறிவித்தது. கேட்பதற்குப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் செருகிக்கொள்ளத் தயாராக 10 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் பிளேஸ்டேஷன் 4 ஏற்கெனவே இருந்தது. விளையாட்டின்மேல் பித்துக்கொண்ட அந்த வீடுகளிலேயே நூற்றுக்கு ஐந்து பேர்கூட ஹெட்செட்டை வாங்கவில்லை. 2023 தொடக்கத்தில் கசிந்த செய்திகளின்படி, மெட்டா என்று பெயர் மாறிய ஃபேஸ்புக் ஏறத்தாழ 2 கோடி குவெஸ்டுகளை விற்றிருந்தது. அதே செய்திகள் புதிதாக வாங்கியவர்கள் முன்பு வாங்கியவர்கள் அளவுக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்ற கவலையையும் வெளியிட்டன. நிறுவனத்தின் பெயரையே மாற்றிக்கொண்டு மக்கள் கூடிப் பழகும் கணினி உலகமான எந்த மெட்டாவெர்ஸைக் கட்ட இறங்கினார்களோ, அதன் மையமான ஹொரைசன் வேர்ல்ட்ஸுக்கு 2022 முடிவுக்குள் மாதம் 5 லட்சம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் இரண்டு லட்சத்துக்கும் குறைவானவர்களே வந்துகொண்டிருந்தார்கள் என்று செய்தி வெளியானது. இதற்கெல்லாம் செலவழித்த பிரிவு 2021 முதல் 2024 வரையிலான நான்கே ஆண்டுகளில் 5,700 கோடி டாலருக்கு மேல் நட்டம் காட்டியிருக்கிறது. வரலாற்றில் எந்த ஒரு வீட்டு உபயோகப் பொருளுக்கும் இவ்வளவு பொறுமையும் பணமும் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

எங்கள் வீட்டில் ஒரு ஹெட்செட் இருக்கிறது. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது வாங்கிவந்தான். நான் அதை விரும்பிப் பயன்படுத்துகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; விண்வெளி நிலையத்துக்குள் மிதந்தபடி ஜன்னல் வழியாகப் பூமியைப் பார்த்த அனுபவத்தை எந்தத் தொலைக்காட்சியும் எனக்குத் தந்ததில்லை. அந்த ஆசையில்தான் ஒரு மே மாதப் பிற்பகல் அம்மாவுக்கு மாட்டிவிட்டேன். பட்டை கொண்டையில் இடித்தது. கொண்டையை அவிழ்த்துப் பின்னலாக்கிக் கொண்டு வந்தார். மூக்குக் கண்ணாடி உள்ளே போகவில்லை; கழற்றினால் படம் தெரியவில்லை; கடைசியில் கண்ணாடியின் காதுகளை முதலில் உள்ளே விட்டு, பிறகு பெட்டியை மெல்லச் சாய்த்துப் பொருத்தினோம். லென்ஸ்களின் இடைவெளியை அவருடைய கண்களுக்கேற்ப நகர்த்தினேன். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும், முகத்தில் பதியும் நுரைப்பஞ்சு சற்று நேரத்தில் வியர்வையில் ஊறிவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு அம்மா ரசித்தார். கடலுக்கடியில் ஒரு திமிங்கிலம் பக்கத்தில் வந்து கண்ணைத் திறந்தபோது “அடேயப்பா” என்று கையை நீட்டினார்.

ஆனால் அந்த நேரம் முழுவதும் அவர் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். “இங்கேதானே இருக்கிறாய்?” நான் “இங்கேதான் அம்மா” என்பேன். சற்றுக் கழித்து மறுபடியும் கேட்பார். வாசலில் யாரோ மணி அடித்ததும் உடல் விறைத்தது. “யார் வந்திருக்கிறார்கள், பார், முதலில் இதைக் கழற்று” என்று இரண்டு கைகளாலும் பெட்டியைப் பிடித்தார். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குள் நுழையும்போது தான் கண்ணைக் கட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் நிற்கக்கூடாது என்பது அவருக்கு யோசித்துத் தெரியவேண்டிய விஷயம் இல்லை. வந்தது கூரியர்காரர். அவர் போன பிறகு, மீதியைப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். “போதும்மா, நன்றாகத்தான் இருக்கிறது” என்று தலையை முடிந்துகொண்டு சமையலறைக்குப் போனார்.

பிடிக்கவில்லை என்றால் எனக்கு விளங்கியிருக்கும். பிடித்திருந்தும் போதும் என்றார். ஹெட்செட் வாங்கிய நண்பர்கள் வீடுகளிலும் இதையேதான் பார்க்கிறேன். யாரும் குறை சொல்வதில்லை, வரும் விருந்தினருக்கு எடுத்து மாட்டிக் காட்டுகிறார்கள், அவர்களும் வியக்கிறார்கள், பிறகு அது அலமாரிக்குப் போகிறது. நம் வீடுகளில் ஒருவர் ஒன்றைத் தனியாகச் செய்வது அரிது. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே கீரை ஆய்கிறோம், கைபேசியில் மூழ்கியிருக்கும்போதும் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று காது எண்ணிக்கொண்டிருக்கிறது. தொலைக்காட்சியும் கைபேசியும் நம் கவனத்தில் பாதியை எடுத்துக்கொண்டு பாதியை வீட்டுக்கு விட்டுவைக்கின்றன. ஹெட்செட் முழுவதையும் கேட்கிறது. திரையின் கூர்மையைக் கூட்டுவதாலோ எடையில் நூறு கிராமைக் குறைப்பதாலோ இது மாறாது. எவ்வளவுக்கு நன்றாகச் செய்கிறார்களோ அவ்வளவுக்கு அது நம்மை வீட்டிலிருந்து பெயர்த்து எடுக்கும். அதன் வேலையே அதுதான்.

இதை ஆப்பிள் புரிந்துகொண்டிருந்தது என்றே நினைக்கிறேன். 2024 பிப்ரவரியில் 3,499 டாலர் விலையில் வந்த விஷன் ப்ரோவின் முன்பக்கத்தில், வெளியே பார்த்தபடி இன்னொரு திரை இருக்கிறது. அணிந்திருப்பவரின் கண்களை எதிரில் நிற்பவருக்குக் காட்டுவதே அதன் முக்கியப் பணி. 600 கிராமைத் தாண்டும் கருவியில், மின்கலத்தைக்கூடத் தனியாகச் சட்டைப்பைக்கு அனுப்பிவிட்ட கருவியில், எடையையும் செலவையும் பொருட்படுத்தாமல் ஒரு திரையை அதற்கென்றே ஒதுக்கினார்கள். கண் தெரியாத முகத்தோடு யாரும் பேச விரும்பமாட்டார்கள் என்பதை அவர்கள் உணர்ந்த அளவுக்கு வேறெந்த நிறுவனமும் உணரவில்லை. ஆனால் அந்தத் திரையில் தெரிந்த கண்கள் மங்கலாக, நீருக்கடியில் இருப்பவைபோல் இருந்தன. முயற்சி மதிக்கத்தக்கது. அதனால் பயன் விளையவில்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

என் சித்தி சில ஆண்டுகளுக்கு முன் அடுப்பங்கரை விபத்தில் தீக்காயம் பட்டு மருத்துவமனையில் இருந்தார். உடனிருந்து பார்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. தீக்காயப் பிரிவில் இருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே பொழுது விடிவது கட்டு மாற்றும் வேளையை நினைத்துத்தான். பழைய துணி காயத்தோடு ஒட்டியிருக்கும். உப்புநீரை ஊற்றி ஊற செய்து, நர்ஸ் ஓரத்திலிருந்து விரல் அகலம் விரல் அகலமாக உரிப்பார். வலிக்கு மருந்து முன்பே கொடுத்திருப்பார்கள். படுத்திருக்கும்போது வரும் வலியை அது அடக்கும், உரிக்கும்போது வரும் வலிக்கு அது ஈடுகொடுக்காது. சித்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். “அங்கே பார்க்காதீர்கள் சித்தி, என்னைப் பாருங்கள்” என்பேன். அவரால் முடியாது. வலி எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் கண் போகும்.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் இருவரும் 1990களின் பிற்பகுதியிலிருந்தே செய்துவந்த வேலையைப் பிற்பாடு படித்தபோது எனக்கு அந்தக் கட்டில்தான் நினைவுக்கு வந்தது. ஹார்பர்வியூ மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில், கட்டு மாற்றும் வேளையில் நோயாளிக்கு ஹெட்செட் மாட்டுகிறார்கள். உள்ளே ஒரு பனிப் பள்ளத்தாக்கு. நோயாளி அதன் வழியே மிதந்துபோகிறார். பென்குவின்கள்மேலும் பனிமனிதர்கள்மேலும் பனியுருண்டைகளை எறிகிறார். வெளியே நர்ஸ் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். நோயாளியின் கண்ணுக்கு அந்தக் கையும் தெரியாது, கத்தரிக்கோலும் தெரியாது. வலியை உணர்வதற்கும் கவனம் தேவை. பனிப் பள்ளத்தாக்கு அந்தக் கவனத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. சாதாரண வீடியோ கேம் விளையாடியபோது இருந்ததைவிட ஹெட்செட்டுக்குள் இருந்தபோது வலி வெகுவாகக் குறைந்தது என்று தொடக்ககால நோயாளிகளே சொன்னார்கள். 2004இல் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, வலியோடு தொடர்புள்ள பகுதிகளின் செயல்பாடே தணிந்திருந்தது தெரியவந்தது. முகத்திலும் தலையிலும் காயம் பட்டவர்கள் எதையும் அணிய முடியாது. போரில் காயமுற்ற அமெரிக்க வீரர்களுக்காக, கட்டிலருகே ஓர் இயந்திரக் கையில் பொருத்திய ஹெட்செட்டை முகத்துக்கு நேரே நிறுத்தினார்கள். சதர்லண்டின் ஆய்வுக்கூடத்தில் கூரையிலிருந்து இறங்கிய அந்த இயந்திரக் கையை இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். அன்று அது வேறு வழியில்லாமல் வந்தது. இங்கே தோலில் உரசாமல் இருப்பதே அதன் சிறப்பு.

எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மாவைப் பதறவைத்தது எதுவோ, அதுவே இந்த வார்டில் மருந்து. கண்ணையும் காதையும் முற்றாக மூடி, இருக்கும் இடத்திலிருந்து ஆளைப் பெயர்த்து எடுப்பது. ஹெட்செட் வென்ற இடங்களை வரிசையாக எண்ணிப் பார்த்தால் எல்லாவற்றிலும் இதுதான் தென்படுகிறது. உயரத்துக்கு அஞ்சுபவர் நாற்காலியை விட்டு எழாமலே பாலத்தின் மேல் நிற்க வேண்டும். போரிலிருந்து திரும்பிய வீரர், சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்கும்போதே அந்தத் தெருவுக்குள் மறுபடியும் போய்வர வேண்டும்; கலிபோர்னியாவில் ஸ்கிப் ரிஸோவின் குழு இதற்காகவே பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. 2021 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நாள்பட்ட முதுகுவலிக்கு ஒரு விஆர் சிகிச்சையை அனுமதித்தது. சென்னை ஐஐடியிலும் தொடுவுணர்வையும் விஆரையும் இணைத்து மருத்துவப் பயிற்சிக் கருவிகளை உருவாக்கும் ஆய்வு பல்லாண்டுகளாக நடந்துவருகிறது. கைதவறினாலும் யாருக்கும் காயம் படாத ஓர் இடத்தில் ஊசி போடப் பழக வேண்டிய மாணவருக்கு, சற்று நேரம் இந்த உலகத்தில் இல்லாமல் இருப்பது பெரிய வசதி.

எனவே என் கணிப்பு இதுதான். கைபேசிபோல் எல்லார் கையிலும், எல்லா நேரமும் இருக்கும் பொருளாக ஹெட்செட் ஆகாது. அடுத்த பத்தாண்டிலும் ஆகாது. விளையாட்டுப் பிரியர்களின் ஒரு வட்டம் அதை உயிர்ப்போடு வைத்திருக்கும். அதைத் தாண்டி, இருக்கும் இடத்தைவிட்டுப் போயே ஆக வேண்டிய காரணம் உள்ளவர்களிடம் அது நிலைக்கும். கட்டு மாற்றும் அந்த அரைமணி நேரம் சித்திக்கு அப்படி ஒரு காரணம் இருந்தது. அம்மாவுக்கு அந்த மே மாதப் பிற்பகலில் இல்லை.

இப்படி ஓரிடத்தில் நிலைத்தால் போதாதா என்று கேட்கலாம். இங்கேதான் எனக்குப் பெரிய கவலை. தீக்காயப் பிரிவுக்காக யாரும் தனியாக ஹெட்செட் தொழிற்சாலை நடத்தமாட்டார்கள். 299 டாலருக்கு நல்ல கருவி கிடைத்ததற்குக் காரணம், அதைக் கோடிக்கணக்கான பேர் வாங்குவார்கள் என்ற பெருநிறுவனங்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை இப்போது வேறு பக்கம் திரும்புகிறது. 2023 அக்டோபரில் வந்த ரே-பான் மெட்டா கண்ணாடிகள் 20 லட்சம் விற்றுவிட்டன என்று அவற்றைத் தயாரிக்கும் எஸ்ஸிலோர்லுக்ஸோட்டிகா 2025இல் அறிவித்தது. உள்ளே கேமராவும் ஒலிபெருக்கியும் இருந்தாலும், பார்ப்பதற்குச் சாதாரண மூக்குக் கண்ணாடி. கண்ணை மறைப்பதில்லை, வீட்டாரிடமிருந்து நம்மைப் பிரிப்பதில்லை. மக்களுக்கு அது பிடிக்கிறது, அதில் வியப்பும் இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடியால் யாரையும் பனிப் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போக முடியாது.

அலை வடியும்போது என்ன நடக்கும் என்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். கூகுள் 2014இல் அட்டைப்பெட்டி ஹெட்செட்டைக் கொண்டுவந்தது; அதை நம்பிப் பள்ளிக்கூடங்கள் எக்ஸ்பெடிஷன்ஸ் என்ற செயலியில் பிள்ளைகளைப் பவளப்பாறைக்கும் பழங்கால நகரங்களுக்கும் அழைத்துப் போயின. 2021 ஜூனில் அந்தச் செயலியை மூடிவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற விஆர் மென்பொருளைக் கைவிட்டபோது நடந்தது இன்னும் கொடுமை. பல நிறுவனங்கள் அதை நம்பிச் செய்த ஹெட்செட்டுகள், அவற்றில் நான்கே வயதான நல்ல கருவிகளும்கூட, 2024இல் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்போடு இயங்காமல் போயின. லென்ஸ் உடையவில்லை, திரை பழுதாகவில்லை. அதற்கு உயிர்கொடுத்த மென்பொருளை எங்கோ ஒருவர் நீக்கிவிட்டார். ஒரு மருத்துவமனை அப்படி ஒரு கருவியைச் சுற்றித் தன் சிகிச்சை முறையை அமைத்திருந்தால் அதன் கதி என்ன?

வேறுவிதமாகவும் முடியும் என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. டில்ட் பிரஷ் என்ற விஆர் ஓவியச் செயலியின் வேலையை 2021 ஜனவரியில் நிறுத்தியபோது, கூகுள் அதன் மூல நிரலைப் பொதுவில் வைத்தது. ஆர்வலர்கள் அதை எடுத்து ஓப்பன் பிரஷ் என்ற பெயரில் வளர்த்து, பின்னால் வந்த புதிய ஹெட்செட்டுகளிலும் ஓடவைத்திருக்கிறார்கள். ஓக்குலஸ் கோ என்ற சிறிய, மலிவான ஹெட்செட்டின் விற்பனை நின்ற பிறகு, அங்கே பணியாற்றிய ஜான் கார்மக் விடாமல் வலியுறுத்தி, 2021 அக்டோபரில் அதன் பூட்டைத் திறக்கும் மென்பொருளை வெளியிட வைத்தார். நிறுவனத்தின் சர்வர்கள் நாளை நின்றுபோனாலும், கோ வைத்திருக்கும் எவரும் அதில் தமக்கு வேண்டியதை எழுதி ஓட்டிக்கொள்ளலாம்.

இன்று மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ ஹெட்செட் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, புள்ளிக் கணக்கையும் விலையையும் பார்க்கும் முன், இந்தக் கருவியின் ஆதரவு நிற்கும் நாளில் பூட்டைத் திறந்துதர விற்பவர் எழுத்தில் உறுதி தருகிறாரா என்று கேளுங்கள் என்பதைத்தான். உங்கள் மென்பொருளை ஓப்பன்எக்ஸ்ஆர் பொதுத் தரத்தில் எழுதச் சொல்லுங்கள். 2019இலிருந்து அது இருக்கிறது, ஒரு நிறுவனத்தின் கருவி போனால் இன்னொன்றுக்கு மாறுவது அதனால் எளிதாகிறது. இணைய இணைப்பே இல்லாமல், யாருடைய கணக்கிலும் நுழையாமல் அது இயங்குகிறதா என்று வார்டிலேயே வைத்துச் சோதித்துப் பாருங்கள். டெண்டரில் இந்த மூன்று வரிகளைச் சேர்க்க அதிகம் செலவாகாது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருப்பதுபோன்ற ஒரு பெரிய தீக்காயப் பிரிவில், இன்று வாங்கும் ஹெட்செட்டை ஏழெட்டு ஆண்டுகள் கழித்தும் ஒரு நர்ஸ் எடுத்துத் துடைத்து அடுத்த நோயாளிக்கு மாட்ட முடியுமா என்பது அந்த வரிகளைப் பொறுத்திருக்கிறது.